அத்தியாயம் 14: புகார் வராத லிஃப்ட்

போன அத்தியாயத்தில், மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று கடிதம் எழுதித் திட்டியவர்களுக்கு முதலில் ஒரு சேதி. அவர் பிழைத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரைப் படியில் திருப்பத் தெரியாமல் விழித்த ஆம்புலன்ஸ்காரர்கள் இருவருக்கும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார்.

பெரியவர் லிஃப்ட் மெக்கானிக். வயது அறுபத்தாறு. அன்றைக்குப் பழுது பார்ப்பதற்காக அந்தக் கட்டட லிஃப்ட்டை நிறுத்தியதும் அவர்தான், வேறு வழியில்லாமல் படியேறி மாட்டிக்கொண்டதும் அவர்தான்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு பைபாஸ் நடந்தது. இடது காலிலிருந்து நரம்பை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். டாக்டர்கள் அதைச் சிரை என்பார்கள், நாமெல்லாம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த நரம்புகளில் ஒன்று இப்போது தொண்ணூறு சதவீதம் சுருங்கிப்போயிருக்கிறது. அதை விரித்துப் பிடிக்க உள்ளே ஸ்டென்ட் வைக்க வேண்டும். இன்று காலை பத்து மணிக்கு நேரம் குறித்தாயிற்று. எட்டு மணி வரைக்கும் பெரியவர் கையெழுத்துப் போடவில்லை.

"மருமக வரட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒப்புதல் படிவத்தை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டார்.

மருமகளும் அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். வார்டில் இல்லை. ஸ்டென்ட் வைக்கிற கேத் லேபுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு ஆபீஸ் மொபைல், அவளுக்கு முன்னால் இருந்தவர் ஆரம்பித்து வைத்த ஒரு தடி நோட்டு. பைபாஸ் நரம்பில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பது அவள் வேலை. ஸ்டென்ட் வைத்த டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். வைத்தது என்ன ஆயிற்று என்று கேட்க யாராவது வேண்டுமே. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே 'விசாரணை'தான். 'விசாரணை சாப்பிட்டாச்சா?' என்றுதான் கேன்டீனில் கேட்பார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பெண் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பதினாலு வாரமாக மறைத்து வைத்தேன், இனி முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் 'எப்படி இருக்கீங்க?' என்றுதான் ஆரம்பித்தாள். முக்கால்வாசிப் பேர் 'நல்லா இருக்கேன்' என்றார்கள். அவளும் எழுதிக்கொண்டாள். அப்படி ஒருவர் திங்கட்கிழமை நல்லா இருந்தார், வியாழக்கிழமை இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு மாதமாக அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார் என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார்.

அன்றோடு அந்தக் கேள்வியை விசாரணை விட்டுவிட்டாள். 'உங்க வீட்ல எத்தனை படி? நேத்து எத்தனை தடவை ஏறினீங்க? நடுவுல எங்க நின்னீங்க? தலைக்கு எத்தனை தலையணை?' இப்படித்தான் கேட்பாள். உடம்பைப் பற்றிக் கேட்டால் சட்டென்று பொய் சொல்கிறவர்களுக்குப் படியைப் பற்றிக் கேட்டால் அப்படி வருவதில்லை. நாலு வருடமாக எல்லாரும் திட்டினாலும் கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் இதையே கேட்கிறாள். 'இன்னும் இருக்கேன், ஏமாந்துட்டியா?' என்று ஆரம்பிக்கும் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் கூட அவளிடம் படிக் கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுவார்.

இவளுடைய கணவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் காலுக்குக் கீழே உள்ள இன்னொரு பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. காலையில் வார்டு வாசலிலேயே அவளை மடக்கினான். அப்பா என்ன கேட்டாலும் நம்பர் எதையும் எடுத்துவிடாதே, பயந்துபோய்க் கையெழுத்துப் போட மாட்டார், சின்ன வேலைதான் சரியாயிடும் என்று மட்டும் சொல், போதும் என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் இந்த மனுஷன் கற்றுக்கொள்ளவில்லை, பாவம்.

உள்ளே பெரியவர் பச்சை கவுனில் படுத்திருந்தார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அந்தப் பழைய தழும்பு தெரிந்தது. மருமகளைப் பார்த்ததும் முதல் பேச்சே, இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் நம்பர் லிஃப்ட் தரைக்கு அரை அங்குலம் கீழே நிற்கிறது, ஸ்ட்ரெச்சர் சக்கரம் இடிக்கிறது, யாரிடம் சொல்வது என்பதுதான். சொல்கிறேன் மாமா என்றாள். பிறகு மகனைப் பார்த்து, நீ போய் டீ குடி என்றார். வேண்டாம்பா என்று அவன் கால்மாட்டிலேயே நின்றுகொண்டான்.

"சரி, நில்லு" என்றார் பெரியவர். மருமகள் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா நேத்தே எல்லாம் சொல்லிட்டாங்க. பழைய ரத்தக்குழாய் கல்லாட்டம் ஆயிடுச்சாம், திறக்க வராதாம். மறுபடி நெஞ்சைத் திறக்கறது இதைவிட ஆபத்தாம். அதனால இந்த நரம்புக்குள்ளதான் போகணுமாம். புரிஞ்சுது. ஆனா அவங்க வைக்கறவங்க. வச்சதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவ நீதான். உன் நோட்டுல என்ன இருக்குன்னு சொல்லு."

கால்மாட்டில் டிரைவிங் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. விசாரணை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பெரியவர் நம்பிவிடுவார், கையெழுத்தும் விழும், புருஷனும் சந்தோஷப்படுவான். ஆனால் நாலு வருடமாக ஊரார் சொல்லும் பொய்யைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

"மொத்தம் நூத்தி முப்பத்தாறு பேர், மாமா. அதுல பதினோரு பேர் கிடைக்கல. மீதி நூத்தி இருபத்தஞ்சு பேர்ல, முதல் வருஷத்துலயே இருபத்திரண்டு பேர் மறுபடி வந்தாங்க. சிலருக்கு அதே இடத்துல சுருங்கிடுச்சு, சிலருக்கு அட்டாக். ஏழு பேர் இப்ப இல்ல."

"அஞ்சு வருஷம்?"

"அஞ்சு வருஷம் முடிஞ்சவங்கள்ல பாதிப் பேருக்கு ஏதாவது ஒண்ணு வந்திருக்கு. சொந்த ரத்தக்குழாய்ல வைக்கற மாதிரி இது இல்ல மாமா. நரம்பு நரம்புதான். பழசானா உதிரும்."

மகன் வாயைத் திறந்தான். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மீதிப் பாதிப் பேரு?"

அவர்களைப் பற்றிச் சொல்லும்போது விசாரணையின் குரலே மாறியது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர், ஸ்டென்ட் வைத்து ஆறாவது வருடம், இன்னும் குளத்தில் இறங்குகிறார். ஒரு தையற்காரம்மா, விசாரணையே மறந்தாலும் தேதி தவறாமல் தானே போன் செய்து படிக் கணக்கு ஒப்பிக்கிறார். கண்டக்டரைப் பற்றித்தான் உங்களுக்கே தெரியும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பெரியவர் கேட்டார். மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை, சிகரெட் இல்லை, நடக்கிறார்கள் என்றாள். "முக்கியமா, வலி வந்தா அன்னிக்கே சொல்லிடறாங்க மாமா. மறைக்கறதில்ல."

பெரியவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"அந்தப் பதினோரு பேரு" என்றார் திரும்பி. "அவங்களை எதுல சேர்த்த?"

"எதுலயும் சேர்க்கல. தொடர்பு இல்லைன்னு எழுதி விட்டுட்டோம்."

"நான் நாப்பது லிஃப்ட் பாக்கறேன். மாசம் பொறந்தா, புகார் வராத லிஃப்ட்டைத்தான் முதல்ல போய்ப் பாப்பேன். நல்லா ஓடினாலும் புகார் வராது. ஜனங்க அலுத்துப்போய்ப் படியில ஏற ஆரம்பிச்சுட்டாலும் புகார் வராது. ரெண்டுல எதுன்னு நேர்ல போனாத்தான் தெரியும்."

விசாரணைக்குச் சுரீர் என்றது. அந்த நோட்டை எத்தனையோ பெரிய டாக்டர்கள் புரட்டியிருக்கிறார்கள், கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பதினோரு பேரை யாரும் கேட்டதில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு மெக்கானிக் கேட்டுவிட்டார்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படிவத்தை இரண்டு தடவை படித்தார். லிஃப்ட்டைப் பார்த்து முடித்ததும் அட்டையில் போடுவாரே, அதே கையெழுத்து, கீழே தேதி, மணி, நிமிஷம்.

"பாதிப் பேரு நல்லா இருக்காங்கல்ல" என்றார். "அது போதும். அதுல ஒருத்தனா இருக்கப் பாக்கறேன்."

இப்படியும் ஒரு மனுஷன். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற எனக்கு, இதை எழுதும்போது கை கூப்பத் தோன்றியது.

பத்து மணிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கேத் லேப் கதவு மூடியதும் டிரைவிங் மாஸ்டர் பொரிந்து தள்ளினான். மெல்லிய குரலில்தான், ஆஸ்பத்திரி அல்லவா. நம்பரைச் சொல்லி அனுப்பிவிட்டாய், உள்ளே ஏதாவது ஆனால் அந்த ஏழோடு எட்டு என்று எழுதிக்கொள்வாயா என்று கேட்டான். கேட்ட மாத்திரத்தில் அவனுக்கே உறைத்துவிட்டது, ஆனால் வாயிலிருந்து வந்தாயிற்று. எழுதத்தான் வேண்டும் என்பது விசாரணைக்குத் தெரியும். எழுதக் கை வருமா என்பதுதான் தெரியவில்லை.

உள்ளே நடப்பது அவளுக்கு மனப்பாடம். தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பி போகும். பழைய நரம்புக்குள் படிந்திருப்பது பொலபொலவென்று இருக்கும், பலூனை ஊதினால் உதிரும். உதிர்ந்தது அடித்துக்கொண்டு போய்க் கீழே உள்ள சின்னக் குழாய்களை அடைத்துவிட்டால் அங்கேயே அட்டாக். அதனால் சுருக்கத்தைத் தாண்டி முதலில் ஒரு வலைக் கூடையை விரித்து நிறுத்துவார்கள். பிறகுதான் ஸ்டென்ட். கூடை பிடித்ததோடு வெளியே வர வேண்டும். டாக்டரம்மா ஐந்தடி கூட இல்லை. கதிர்வீச்சு தாக்காமலிருக்க எட்டுக் கிலோ கவசத்தை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். அந்தக் கையை விசாரணை நம்பினாள். நம்பினாலும், உட்கார முடியவில்லை.

பத்தரைக்குப் பெரியவரின் கூட்டாளி வந்தார். இருபது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறவர், கையெல்லாம் கிரீஸ். உட்காரச் சொன்னதும் அவர் அழாத குறையாக ஒன்றைச் சொன்னார். எட்டு மாதமாகப் பெரியவர் எந்தக் கட்டடத்திலும் மோட்டார் ரூமுக்கு ஏறவில்லையாம். லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும், மோட்டார் ரூம் அதற்கும் மேலே, கடைசிப் பத்துப் படி ஏறித்தான் ஆக வேண்டும். அந்தப் பத்துப் படியையும் கூட்டாளிதான் ஏறினாராம். வீட்டில் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

விசாரணைக்கு அப்போதுதான் வீட்டு லிஃப்ட் ஞாபகம் வந்தது.

வீட்டிலும் அதேதான் நடந்திருக்கிறது. நாலாவது மாடி வீடு. பைபாஸ் ஆன நாளிலிருந்து பெரியவர் தினமும் படியேறித்தான் வருவார். மாமியார் இருந்தவரை கூடவே ஏறி வந்து எண்ணுவாராம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் லிஃப்ட்டில் வந்து இறங்கினார். பேரிங்கில் ஒரு சத்தம் வருகிறது, தினமும் ஏறிக் கேட்டால்தான் பிடிபடும் என்றார். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட்டில் ஏறினால் யாருக்குச் சந்தேகம் வரும்? வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. தையற்காரரோ கண்டக்டரோ படியை விட்டு லிஃப்ட்டுக்கு மாறினால் மறுநாளே மருமகள் கேட்டிருப்பாள்.

தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போது கேட்டது ஒரே ஒரு கேள்வி. 'எப்படி இருக்கீங்க மாமா?' அவரும் 'நல்லா இருக்கேன்' என்றார். நாலு வருடத்துக்கு முன்னால் ஆபீஸில் தூக்கி எறிந்த கேள்வியை வீட்டில் மட்டும் வைத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் படி எத்தனைன்னு கேட்டேன்" என்றாள் கணவனிடம். "நம்ம வீட்ல கேக்கல."

டிரைவிங் மாஸ்டர் கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நானும் அதே லிஃப்ட்டில்தானே கூட வந்தேன், நான் மட்டும் கேட்டேனா என்றான். எதிரில் வருகிற லாரியெல்லாம் தெரிகிறது, பக்கத்து சீட்டில் இருந்த அப்பா தெரியவில்லை என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருடத்தில் அவன் பேசிய பேச்சுகளில் இதுதான் உருப்படி.

பத்தே முக்கால். கதவு திறக்கவில்லை. விசாரணை தன் அறைக்குப் போய் நோட்டையும் ஆபீஸ் மொபைலையும் எடுத்து வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, தொடர்பு இல்லை என்று எழுதி வைத்த பதினோரு எண்களையும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். சில எண்கள் உபயோகத்தில் இல்லை. சில அடித்து அடித்து ஓய்ந்தன. நோட்டில் அறுபத்து மூன்றாம் ஆள், ஒரு கடிகாரக் கடைக்காரர், மூன்று வருடமாகக் கிடைக்காதவர். எடுத்தது ஒரு சின்னப் பெண்குழந்தை. தாத்தா குளிக்கிறாரா தூங்குகிறாரா என்று அதற்கே தெரியவில்லை, போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டது. ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். கவசத்தைக் கழற்றியிருந்தார், தோள்பட்டையில் பட்டை அழுந்திய கோடு தெரிந்தது. டிரைவிங் மாஸ்டரின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றார் முதலில். அப்புறம் விசாரணையைப் பார்த்தார். "உங்ககிட்ட முழுசாச் சொல்லணும். ஸ்டென்ட்டை விரிச்ச உடனே ரத்த ஓட்டம் நின்னுடுச்சு. நாலு நிமிஷம்."

உதிர்ந்தது அவ்வளவு இருந்ததாம், கூடை நிரம்பி வழி அடைத்துக்கொண்டது. பெரியவருக்கு நெஞ்சு பிசைந்தது, ஈ.சி.ஜி. கோடு எகிறியது. உறிஞ்சி எடுத்து, கூடையை மூடி வெளியே இழுத்த பிறகுதான் ரத்தம் மறுபடி ஓடியது. கூடை மட்டும் வைக்காமல் இருந்திருந்தால் அத்தனையும் கீழே இறங்கியிருக்கும் என்றார். அந்த நாலு நிமிஷமும் பெரியவர் சத்தம் போடவில்லையாம். 'வலிக்குதுங்க, அதிகமாகுது, இப்ப கொஞ்சம் குறையுது' என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இப்படிச் சொல்கிற ஆள் கிடைத்தால் எங்கள் வேலை பாதி சுலபம் என்றார் டாக்டரம்மா.

நாலு நிமிஷத்தை மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? 'நல்லபடியா முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். அந்த அம்மாள் போகவில்லை. நோட்டில் அதையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த ஆஸ்பத்திரியில் இப்படி இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெம்பாக இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணி. தொடையில் கட்டு, காலை மடக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது. கூரையைப் பார்த்தபடி பெரியவர் மல்லாந்து கிடந்தார். மகன் ஸ்ட்ராவை வளைத்துத் தண்ணீர் கொடுத்தான். கூடையில் பிடிபட்டதை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார்களாம், ஊறிய ரொட்டித் தூள் மாதிரி மஞ்சளாக இருந்ததாம். இதையா இத்தனை நாள் சுமந்தேன் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

விசாரணை ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். புதுப் பக்கம். நூற்று முப்பத்தேழு என்று போட்டாள்.

"நம்ம வீட்டுக்கு எத்தனை படி மாமா?"

"எழுபத்திரண்டு." யோசிக்கவே இல்லை.

"கடைசியா எப்ப நிக்காம ஏறினீங்க?"

"கூட்டாளி வந்தானா?" என்றார் பெரியவர்.

"வந்தார்."

"எட்டு மாசம் ஆச்சும்மா. நம்ம வீட்டுப் படியில, மூணாவது மாடியில நெஞ்சை இறுக்கிப் பிடிச்சுது. அன்னிலேர்ந்து லிஃப்ட்தான்."

"பேரிங் சத்தம்னு சொன்னீங்களே?"

"பேரிங் நல்லாத்தான் இருந்துது."

டிரைவிங் மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். விசாரணைக்கு வரவில்லை. ஏன் மாமா என்கிட்ட சொல்லல, நாள் முழுக்க நான் இதைத்தானே கேட்டுட்டு இருக்கேன் என்றாள்.

"அதனாலதான் சொல்லல" என்றார் பெரியவர், கூரையைப் பார்த்தபடியே. "நாள் பூரா நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், போய்ச் சேர்ந்த சேதின்னு கேட்டுட்டு வர்ற. மூஞ்சி தொங்கிப்போய்த்தான் வருவ. வந்ததும் 'எப்படி இருக்கீங்க மாமா'ன்னு கேப்ப. வீட்லயாவது ஒரு ஆளு நல்லா இருக்கேன்னு சொல்லட்டுமேன்னு நெனச்சேன்."

விசாரணை அழுதாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு சிந்த, குழந்தை மாதிரி அழுதாள். போனில் எத்தனையோ சாவுச் சேதி கேட்டு அழாதவள். பெரியவர் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டி அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார். இனிமேல் என்னிடம் வீட்டில் கேட்காதே, ஆபீஸிலிருந்து போன் பண்ணிக் கேள், உத்தியோக முறைப்படி கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த அறையில் இருந்தாலும் போன்தானா என்று மகன் கேட்டான். ஆமாம் என்றார்.

அப்போதுதான் ஆபீஸ் மொபைல் அடித்தது.

திரையில் தெரிந்த எண்ணை விசாரணை நோட்டில் தேடினாள். அறுபத்து மூன்று. கடிகாரக் கடைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஸ்பீக்கரில் போடாமலே பெரியவருக்கும் கேட்டது, குரல் அவ்வளவு கணீரென்று இருந்தது.

"காலைல கூப்பிட்டிருந்தீங்களாம், பேத்தி இப்பத்தான் சொன்னா. இடம் மாறிட்டோம்மா, இந்தப் பழைய நம்பரை இப்பத்தான் மறுபடி போட்டோம், அதான் கிடைச்சிருக்க மாட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கேன்."

விசாரணை மாமாவைப் பார்த்தாள். அவர் விரிப்பின் மேல் இரண்டு விரலை வைத்து, படியேறுகிற மாதிரி ஒவ்வொன்றாக மேலே மேலே எடுத்து வைத்துக் காட்டினார்.

"சந்தோஷம்ங்க" என்றாள். "புது வீட்ல எத்தனை படி?"

மறுமுனையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"படியா?" என்றார் கடிகாரக் கடைக்காரர்.

பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் விளையாடச் சொன்னார்.